பேட்டை ஊராக வேண்டும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"மண்ணும் மொழியும்" என்னும் பொருளில் பேசுமாறு விழாக் குழுவினர் பணித்தார்கள். மண் என்றதும் ஐந்திணையைப் பற்றிப் பேசுவேன் என்று நீங்கள் எண்ணியிருக்கலாம். நம் வாசலுக்கு வெளியே கிடக்கும் மண்ணைப் பற்றிப் பேச இன்று எனக்கு அனுமதி தாருங்கள். திருப்பெரும்புதூரிலிருந்து வல்லம் வழியாக ஒரகடம் சென்று, அங்கிருந்து சிங்கப்பெருமாள் கோயிலை நோக்கிப் போகும் சாலையின் இருபுறமும் உள்ள மண் அது.

பொருளுக்குள் புகுமுன் ஒரு சிறு செய்தி. சில ஆண்டுகளுக்கு முன் நம் மாதக் கூட்டத்திற்கு ஓர் இளம்பெண் வந்தார். தென்மாவட்டத்துக்காரர், தொழிற்சாலை ஒன்றில் வேலை. மூன்று கூட்டங்களில் கவிதை படித்தார். மூன்றாம் கவிதையைக் கேட்ட நம் மூத்த கவிஞர்கள், அது நம் மலரில் இடம்பெற வேண்டும் என்றார்கள். நான்காம் மாதம் அவர் வரவில்லை. பிறகொருநாள் பேருந்து நிறுத்தத்தில் அவரைக் கண்டேன். "ஏன் அம்மா கூட்டத்திற்கு வருவதில்லை?" என்று கேட்டேன். "விடுதியை மாற்றிவிட்டார்கள் ஐயா. கம்பெனி பஸ் விடுதி வாசலில்தான் இறக்கிவிடும். அங்கிருந்து வர இரண்டு பஸ் மாற வேண்டும். எட்டு மணிக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள். வேலை இருக்கிற இடத்தில் ஊர் இல்லை ஐயா, ஊர் இருக்கிற இடத்தில் எனக்கு இடம் இல்லை" என்றார்.

அந்தப் பெண்ணுக்கு அன்று என்னால் மறுமொழி சொல்ல இயலவில்லை. இன்று சொல்ல முயல்கிறேன்.

பெயர் பெற்ற மண்

இம்மண் புதிதாகக் கண்டெடுக்கப்பட்டதன்று. 1017ஆம் ஆண்டில் இராமானுசர் பிறந்த ஊர் திருப்பெரும்புதூர். பெரியபுராணம் தந்த சேக்கிழாரின் ஊராகிய குன்றத்தூர் இதன் அண்டையில் உள்ளது. ஒரகடத்திற்குக் கிழக்கே உள்ள மணிமங்கலம், நரசிம்மவர்ம பல்லவன் இரண்டாம் புலிகேசியை வென்ற போர்க்களங்களுள் ஒன்று என்பது செப்பேடு கூறும் செய்தி. ஒரகடத்தை அடுத்த வடக்குப்பட்டில் 2022இல் தொல்லியல் துறையினர் அகழ்ந்தபோது கற்காலக் கருவிகள் கிடைத்தன. கல்லைக் கருவியாக்கிய கைத்தொழில்கூட இங்குப் பழையதுதான்.

புதிய தொழில்கள் வந்தது நம் கண்முன்னே. இருங்காட்டுக்கோட்டையில் 1996இல் அடிக்கல் நாட்டிய ஹூண்டாய் 1998இல் காரை வெளியே ஓட்டி வந்தது. திருப்பெரும்புதூரில் 2006இல் நோக்கியாவின் கைப்பேசி ஆலை இயங்கத் தொடங்கியது. ஒரகடத்தில் 2010இல் ரெனோ-நிசான் ஆலையும், 2012இல் டைம்லரின் லாரி ஆலையும் தொடங்கின. வல்லம் வடகாலில் 2017இல் ராயல் என்ஃபீல்டு ஆலை வந்தது. ஒரு தலைமுறைக்குள் ஏரிப்பாசன நாடு ஓர் ஆலை நாடாயிற்று. வேலை வேண்டி நின்ற பல்லாயிரம் வீடுகளில் இதனால் அடுப்பெரிந்தது. அதை மறந்து பேசுவது நேர்மையாகாது. என் வழக்கு ஆலைகளின்மேல் இல்லை. ஆலையைச் சுற்றி ஊர் அமையாமற் போனதுதான் என் கவலை.

தரிசு என்னும் சொல்

தொழிலுக்கு நிலம் எடுக்கும் காலத்தில் வழங்கும் சொல் ஒன்று உண்டு: தரிசு. பயன்படாமல் கிடக்கும் நிலம் என்பது அதன் பொருள். சொற்களோடு பழகும் நாம் இச்சொல்லைச் சற்று நிறுத்திக் கேட்க வேண்டும். யாருக்குப் பயன்படாத நிலம்? நஞ்சைக்கும் புஞ்சைக்கும் வெளியே நம் முன்னோர் மேய்க்கால், மந்தைவெளி, களம், ஏரி உள்வாய், ஓடைக்கரை எனப் பல நிலங்களை வைத்திருந்தார்கள். அவற்றில் விளைச்சல் கணக்கு இராது. ஆனால் மாடு மேய்ந்தது, நெல் காய்ந்தது, மழைநீர் தேங்கி மண்ணுள் இறங்கியது, பிள்ளைகள் ஓடி ஆடினார்கள். பட்டா இல்லாத பயன்களெல்லாம் பதிவேட்டில் பயனின்மையாகத் தோன்றும்.

ஏரிகளின் கதை இதற்குச் சான்று. காஞ்சிபுரம் வட்டாரத்தை ஏரி மாவட்டம் என்பது வெறும் புகழ்மொழி அன்று. மேல் ஏரி நிறைந்தால் மிகுநீர் கலங்கல் வழியே கீழ் ஏரிக்குப் போகும். அது நிறைந்தால் அடுத்ததற்கு. சென்னைக்குக் குடிநீர் தரும் செம்பரம்பாக்கம் இப்படிப் பல ஏரிகளின் நீரை வாங்கிக்கொள்ளும் பேரேரி. இந்தச் சங்கிலியில் ஓடையாகவும் தாழ்நிலமாகவும் இருந்த இடங்களைச் சும்மா கிடக்கும் நிலம் என்று எண்ணி மேடாக்கினால் நீர் வேறு வழி தேடும். 2015 டிசம்பர் முதல் நாள் இரவு செம்பரம்பாக்கத்திலிருந்து திறந்த நீரும், அதற்குக் கீழே பெய்த மழைநீரும் அடையாற்றில் சேர்ந்து சைதாப்பேட்டை வரை வீடுகளுக்குள் புகுந்ததை நாம் அறிவோம். ஆகவே, வீண்நிலத்தைப் பயன்படுத்துவோம் என்று எவர் சொன்னாலும் அதில் நீருக்குரிய பங்கு எது என்று முதலில் கேட்பது நம் கடமை.

பேட்டையின் பழைய பொருள்

இரண்டாவது சொல் பேட்டை. இன்று தொழிற்பேட்டை என்றால் மதிலும் வாயிற்காவலும் உள்ள ஆலைத் தொகுதியே நினைவுக்கு வருகிறது. முன்னாளில் பேட்டை என்றால் நகரை ஒட்டிய சந்தையும் குடியிருப்பும் கலந்த இடம்.

சென்னையில் ஓர் எடுத்துக்காட்டு. கும்பினியாரின் தலைமை வணிகராயிருந்து பதவி இழந்த சுங்குராமச் செட்டியாருக்குக் கூவத்தின் வளைவில் ஒரு தோட்டம் இருந்தது. 1734இல் ஆளுநர் மார்ட்டன் பிட் அதை எடுத்து நெசவாளர்களைக் குடியேற்றினார். சின்னத் தறிப் பேட்டை என்பதே சிந்தாதிரிப்பேட்டை ஆயிற்று என்பர். துணி வேண்டிய வணிகக் கும்பினியின் நோக்கம் தன்னலமே, அதில் ஐயமில்லை. ஆயினும் அது வெறும் தறிக்கூடம் கட்டவில்லை. நெய்பவரோடு நூற்பவர், சாயமிடுபவர், வெளுப்பவர் ஆகியோரும் வாழத் தெருக்கள் அமைந்தன. கோயில்கள் எழுந்தன. அங்குள்ள பெருமாளின் பெயரும் நம் திருப்பெரும்புதூர்ப் பெருமாளின் பெயரும் ஒன்றே: ஆதிகேசவர். கும்பினி போயிற்று, தறியும் போயிற்று, ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் சிந்தாதிரிப்பேட்டை வேறு தொழில்களோடு உயிருடன் இருக்கிறது.

காஞ்சியின் பிள்ளையார்பாளையத்தில் இன்றும் தறி வீட்டுக்குள் இருக்கிறது; தெருவில் பாவு நீள்கிறது. அந்தத் தெரு வழியும் ஆகும், பட்டறையும் ஆகும், பேச்சு மன்றமும் ஆகும்.

1958இல் கிண்டியில் அமைந்த தொழிற்பேட்டை சிறுதொழில்களுக்கு வாழ்வளித்த நற்பணி. ஆனால் தொழில் என்னும் அடைமொழி பேட்டையோடு சேர்ந்த அந்நாள் தொட்டு, குடியிருப்பு வேறு தொழில் வேறு என்னும் முறை நம் திட்டங்களில் வேரூன்றிவிட்டது. புகையும் நச்சும் கக்கும் ஆலைகளிடமிருந்து வீடுகளைத் தள்ளி வைத்தது அறிவுடைமை. அந்த விதியைப் பொருள் பூட்டும் கூடத்திற்கும், கிடங்கிற்கும், அலுவலகத்திற்கும், கடைக்கும், பள்ளிக்கும் ஒன்றுபோல் நீட்டியதுதான் பிழை.

நம் இலக்கியம் கண்ட நகரங்கள் இப்படி இல்லை. சிலப்பதிகாரம் காட்டும் புகாரில் மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம் என இரு பகுதிகள். கடலை ஒட்டிய மருவூர்ப்பாக்கத்தில் யவனர் மாளிகையும், கொல்லரும் தச்சரும் மீனும் உப்பும் விற்போரும் நெசவோரும் வாழும் வீதிகளும் அடுத்தடுத்து உள்ளன. அப்பாக்கத்திற்கும் அரசரும் வணிகரும் வாழும் பட்டினப்பாக்கத்திற்கும் இடையே மரஞ்செறிந்த வெளியில் நாளங்காடி. வேறுபட்ட இரு வாழ்க்கைகளை ஒரு சந்தையும் ஒரு சோலையும் இணைத்து வைத்தன. மதுரைக்காஞ்சியில் நாளங்காடியோடு அல்லங்காடியும் வருகிறது. இரவில் இயங்கும் கடைத்தெரு அது. இரவு ஷிப்டு முடிந்து வருவோருக்கு நம் ஒரகடத்தில் சாலையோரத் தள்ளுவண்டியன்றி வேறென்ன அல்லங்காடி வைத்திருக்கிறோம்? அக்காலத்து வேற்றுமைகளையும் ஏற்றத்தாழ்வுகளையும் நான் மறைக்கவில்லை. சாதிக்கொரு தெரு என்ற அமைப்பு நமக்கு முன்மாதிரி ஆகாது. உழைப்பும் வாழ்வும் ஒரே ஊருக்குள் இருந்தன என்பதை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

இரண்டாம் தரிசு

ஒற்றைப் பயனுக்கென்று ஒதுக்கிய நிலத்திற்கு, அப்பயன் நின்றால் என்ன ஆகும்? நம் பகுதியே விடை கண்டது. நோக்கியா ஆலை 2014 நவம்பர் முதல் நாளோடு உற்பத்தியை நிறுத்தியது. ஆயிரக்கணக்கானோர், பெரும்பாலும் இளம் பெண்கள், வேலை இழந்தார்கள். ஆலையை நம்பியிருந்த விடுதியும் வேனும் தேநீர்க்கடையும் ஓய்ந்தன. 2019இல் சால்காம்ப் நிறுவனம் வாங்க முன்வரும் வரை அந்த வளாகம் வெறுமனே கிடந்தது. கட்டடம், சாலை, மின்சாரம், தண்ணீர் எல்லாம் இருந்தும் வேறெதற்கும் உதவாத நிலம். முன்பு மாடு மேய்ந்த நிலத்தைத் தரிசு என்றோம்; மதிலெழுப்பிய பின் மாடும் மேய முடியாத நிலத்திற்கு என்ன பெயர்? நான் அதனை இரண்டாம் தரிசு என்பேன். ஒதுக்கீடு பெற்று எழும்பாத ஆலைமனைகளும், கல் நட்டு விற்று எவரும் குடிவராத வீட்டுமனைகளும் இவ்வகையில் சேரும்.

இதற்கு மாறான ஒரு காட்சி, இதே சாலை போய்ச் சேரும் பெருவழியில் இருக்கிறது: மறைமலைநகர். 1970களில் சென்னையின் துணைநகராகத் திட்டமிட்டு 1980 அளவில் உருப்பெற்ற ஊர். 1916இல் தனித்தமிழ் இயக்கம் கண்டவரும், பட்டினப்பாலை என்னும் நகரப் பாட்டிற்கு ஆராய்ச்சி நூல் எழுதியவருமான மறைமலையடிகளின் பெயரைத் தாங்கியிருப்பது பொருத்தமே. அங்குத் தொழிற்பகுதியோடு வீட்டுப்பகுதிகளும் பள்ளியும் கடைத்தெருவும் தொடர்வண்டி நிலையமும் சேர்த்துத் திட்டமிடப்பட்டன. குறைகள் இல்லாமல் இல்லை. நினைத்த வேகத்தில் மக்கள் குடிவரவில்லை. ஆயினும் 1999 முதல் கார் செய்த ஃபோர்டு ஆலை 2022இல் உற்பத்தியை நிறுத்தியபோது, வேலை இழந்தோர் துயரம் பெரிதாக இருந்தும், ஊர் ஊராகவே நின்றது. பள்ளி மணி அடித்தது. வண்டி நிலையத்தில் நின்றது. ஓர் ஆலை மூடினால் ஊர் சாகாதிருக்க வேண்டுமென்றால், ஆலைக்குப் பக்கத்தில் முதலில் ஓர் ஊர் இருக்க வேண்டும்.

கட்டிலும் வீடும்

அரசு இக்குறையைக் காணாமல் இல்லை. 2021 டிசம்பரில் விடுதி உணவால் பலர் நோயுற்றதை அடுத்து, பெண் தொழிலாளர் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்து போராடியபோது நாடே திரும்பிப் பார்த்தது. 2024 ஆகஸ்டு 17ஆம் நாள் வல்லம் வடகாலில் சிப்காட் கட்டிய தொழிலாளர் குடியிருப்பை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் திறந்துவைத்தார். 20 ஏக்கர், 706 கோடியே 50 இலட்சம் ரூபாய், 18,720 பெண்கள் தங்கும் இடம். பத்துப் பேர் ஓர் அறையில் ஒடுங்கிக் கிடந்த நிலைக்கு இது பெரும் முன்னேற்றம் என்பதை மனமாரச் சொல்ல வேண்டும். வேலை செய்யும் இடத்தின் அருகிலேயே தங்குமிடம் என்னும் கொள்கையை அரசு ஏற்றுக்கொண்டதற்கு அது அடையாளம்.

ஆயினும் அக்கணக்கைச் சற்று வகுத்துப் பாருங்கள். ஓர் ஏக்கருக்கு 936 பேர். இதிலிருந்து இரண்டு உண்மைகள் தெரிகின்றன. முதலாவது, நிலம் போதவில்லை என்பது சரியான காரணம் அன்று. ஒரு நடுத்தர ஊரின் மக்கள்தொகைக்கு இருபது ஏக்கரில் இடம் கிடைத்திருக்கிறது. இரண்டாவது, கிடைத்திருப்பது கட்டில், வீடு அன்று. இருபது வயதில் அக்கட்டில் போதும். இருபத்தாறில் திருமணமானால்? குழந்தை பிறந்தால்? முதிய தாயை அழைத்துவந்து வைத்துக்கொள்ள விரும்பினால்? அப்போது அவள் வேலையை விட்டுப் போக வேண்டும், அல்லது நாள்தோறும் நெடுந்தொலைவு பேருந்தில் உறங்கிக்கொண்டு வர வேண்டும். ஒரு பெண்ணின் இளமையை மட்டும் வாங்கிக்கொண்டு மீதி வாழ்வைத் திருப்பி அனுப்பும் இடத்தை ஊர் என்று சொல்லலாமா? இதே மக்களுக்கு ஐந்து மடங்கு நிலம், அதாவது நூறே ஏக்கர், கொடுத்தால் குடும்ப வீடும் பள்ளியும் சந்தையும் பூங்காவும் சேர்ந்து அமையுமே.

பெரம்பூர் தரும் எச்சரிக்கை

கலந்து கட்டினாலே ஊராகிவிடும் என்றும் நான் சொல்லவில்லை. பெரம்பூரின் பின்னி ஆலைகள் தமிழகத் தொழிலாளர் வரலாற்றின் தொட்டில். 1918 ஏப்ரல் 27இல் தோன்றிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் உயிர் அந்த ஆலைத் தொழிலாளர்களே. நம் திரு.வி.க. பேனாவோடு அங்குப் போய் நின்றார்; 1921 போராட்டத்தில் நாடுகடத்தப்படும் அச்சுறுத்தலையும் ஏற்றார். தமிழ் உரைநடையின் தென்றல் ஆலைவாயிலிலும் வீசியது என்பது நமக்குப் பெருமை. ஆலைகள் 1996இல் மூடின. நெடுங்காலம் வெறிதாய்க் கிடந்த அந்நிலத்தில் சிலகாலம் திரைப்படங்கள் எடுத்தார்கள். இப்போது அடுக்குமாடி வீடுகளும் வணிக வளாகமும் எழுந்துள்ளன. ஏட்டளவில் அதுவும் கலப்புப் பயன்பாடுதான். ஆனால் ஆலையில் உழைத்தவரின் பேரன் அங்கு ஒரு வீட்டை வாங்க முடியுமா? நிலம் மீண்டும் பயன்பட்டது. உழைத்தவர் திரும்பி வரவில்லை. கலப்பு என்பது கட்டடங்களில் மட்டும் இருந்தால் போதாது; மனிதரிடத்திலும் இருக்க வேண்டும்.

செய்யத்தக்கன

நம் பகுதிக்கு இன்னும் ஒரு நல்வாய்ப்பு உண்டு. சிப்காட் தன் நிலத்தை விற்பதில்லை. 99 ஆண்டுக் குத்தகைக்கே தருகிறது. எனவே மதிலுக்குள் உறங்கும் நிலத்தின் உடைமை பொதுமக்களிடமே இருக்கிறது. 2022இல் சென்னைப் பெருநகர எல்லை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிந்தது. இனி வரும் திட்டங்களில் நம் குரலும் சேர வேண்டும். நான்கு வேண்டுகோள்களை முன்வைக்கிறேன்.

முதலில் நீர். வரைபடத்தில் ஏரி, கலங்கல், ஓடை, தாழ்நிலம் ஆகியவற்றைக் குறித்த பின்னரே சாலையைக் குறிக்க வேண்டும். ஊர் எழுவது இரண்டாம் தரிசின்மேல் எழட்டும். ஏரி உள்வாயில் வேண்டா.

இரண்டாவது, வாடகை வீடுகள். கட்டில் முதல் குடும்ப வீடு வரை படிப்படியாக அமைந்து, உடைமை பொதுவில் நின்று, தொழிலாளி தன் வாழ்வின் ஒவ்வொரு பருவத்திலும் அதே ஊருக்குள் இடம் மாறிக்கொள்ளும்படி இருக்க வேண்டும்.

மூன்றாவது, நடக்கும் தொலைவு. வண்ணம் பூசும் கூடமும் வேதிப்பொருள் கிடங்கும் தள்ளியே இருக்கட்டும். தீங்கற்ற தொழிற்கூடம், கடை, பள்ளி, மருத்துவமனை, வீடு ஆகியவை நிழல்மரங்களின்கீழ் கால்மணி நேர நடையில் இருக்கட்டும். நாளங்காடியும் அல்லங்காடியும் அங்கு அமையட்டும்.

நான்காவது, மன்றம். ஒரு நூலகம், ஓர் அரங்கு, எட்டு மணிக்குச் சாத்தாத ஒரு கதவு. திட்டம் வகுப்போர் இதனைக் கடைசியில் வைப்பார்கள். பணம் குறைந்தால் முதலில் நீக்குவார்கள். இதற்காக வாதாட நம்மைவிட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?

நமது கடமை

கவிஞர்களுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். குன்றத்தூர்க்காரராகிய சேக்கிழாரை எண்ணிப் பாருங்கள். அவர் சோழ அரசின் அமைச்சர். அரசர்களை மட்டும் பாடியிருந்தாலும் எவரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். அவர் மண்பாண்டம் வனைந்த திருநீலகண்டரைப் பாடினார். காஞ்சியில் துணி வெளுத்த திருக்குறிப்புத்தொண்டரைப் பாடினார். நெய்த நேசரையும், மீன்பிடித்த அதிபத்தரையும், செக்காட்டிய கலியரையும் பாடினார். அடியார் பலரை அறிமுகம் செய்யும்போது அவர் முதலில் சொல்வது நாட்டையும் ஊரையும். தொழிலும் ஊரும் பேரும் சேர்ந்தால்தான் ஒருவர் முழு மனிதராக அவர் கண்ணில் தெரிகிறார். இன்று வல்லத்தில் உழைக்கும் பெண்ணைப் பாட நாம் தொடங்கினால் முதலடியில் எந்த ஊரை எழுதுவோம்? அடுக்கு எண்ணையும் அறை எண்ணையும் கட்டில் எண்ணையுமா எழுதுவோம்?

ஆகவே செயற்குழுவின் முன் ஒரு வேண்டுகோள். பதினோராம் ஆண்டு முதல், நம் மாதக் கூட்டங்களில் ஒன்றுவிட்டு ஒன்றை வல்லத்திலோ ஒரகடத்திலோ ஷிப்டு முடியும் நேரத்தை ஒட்டி நடத்துவோம். அவர்கள் நம்மிடம் வர முடியவில்லை. நாம் அவர்களிடம் போக முடியும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்து உழைப்போரும் தம் மொழிப் பாட்டைப் பாடட்டும். நாம் தமிழில் கேட்டுச் சொல்வோம். அங்கு அரங்கு இல்லையே என்பீர்கள். ஆம், இல்லை. இடம் கேட்டு நாம் போய் நிற்பதே ஓர் அரங்கு வேண்டும் என்னும் விண்ணப்பமாகும்.

அந்தப் பெண்ணின் மூன்றாம் கவிதையை இம்மலரில் சேர்க்க விரும்பித் தேடினோம். படி நம்மிடம் இல்லை; அவர் முகவரியும் இல்லை. இம்மலரில் அதற்குரிய பக்கம் நிரம்பவில்லை. அடுத்த மலர் வருவதற்குள் அவர் நடந்து வந்து சேரும் தொலைவில் நாம் இருக்க வேண்டும்.